இரண்டு நிமிட த்ரில்லரை எடுத்தாயிற்று, இனி அதை மதிப்பிடுவது எப்படி?

பாடத்துக்காக ஒரு த்ரில்லரின் இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சியை எடுத்து, பிறகு அதை நாமே மதிப்பிட்டுக் கட்டுரை எழுத வேண்டும். என் முதல் மதிப்பீட்டுக் கட்டுரையில் "பதற்றத்தை உண்டாக்க மங்கலான ஒளியைப் பயன்படுத்தினோம்" என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் அந்த வரிக்குக் கீழே சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "எந்த நொடியில்?" பதில் தெரியவில்லை. படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். நான் பெருமையாகச் சொன்ன அந்த மங்கல், சாயங்கால வெளிச்சம் போன பிறகு ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) கண்டபடி ஏற்றி எடுத்தது. சுவர் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் தாமதமாகப் படப்பிடிப்புக்குப் போனதற்கு, அந்தச் சுவரே சாட்சி.

இப்போது ஜூனியர்களின் கட்டுரைகளைப் படித்துப் பார்க்கும்போது நானும் அதையேதான் கேட்கிறேன். எந்த நொடியில்?

எடுத்த கையோடு மதிப்பிட உட்காராதீர்கள். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. ஒரு வாரம் படத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, ஒரு தாளில் கோடு போட்டு நெடுக்குவாக்கில் மூன்று பத்தி பிரியுங்கள். முதலில் நேரம், அடுத்து என்ன நினைத்து எடுத்தோம், கடைசியில் திரையில் என்ன வந்திருக்கிறது. எங்கள் தொடக்கக் காட்சியில் 41 ஷாட். பள்ளி விட்டு வரும் பெண், பூட்டியிருக்க வேண்டிய கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே போகிறாள். அவ்வளவுதான் கதை. 41 வரி எழுத ஒரு மாலை ஆனது. இரண்டாம் பத்தியும் மூன்றாம் பத்தியும் ஒத்துப்போன இடங்களை விட்டுவிடலாம். எங்கே விலகுகின்றனவோ அங்கேதான் உங்கள் கட்டுரை இருக்கிறது. இரண்டாம் பத்தியை நிரப்ப ஸ்டோரிபோர்டை (ஷாட் ஷாட்டாக முன்பே வரைந்த திட்டத்தை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். எடிட் முடிந்த பிறகு எல்லாமே திட்டமிட்டதுபோலத்தான் ஞாபகம் வரும்.

அடுத்து, படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆட்களைப் பிடியுங்கள். ஏழெட்டுப் பேர் போதும். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள், "சூப்பர்" என்ற ஒற்றைப் பதிலோடு போய்விடுவார்கள். முன்னுரையும் வேண்டாம். படம் முடிந்ததும் "அடுத்து என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எங்கள் ஏழு பேரில் நான்கு பேர் "பேய் வரும்" என்றார்கள்! நாங்கள் எடுத்தது ஒரு கடத்தல் கதை. சிவப்பில் சொட்டும் எழுத்துரு, கிரீச்சிடும் கதவு, நீண்டு இழையும் வயலின், இவை மூன்றும் சேர்ந்து படத்தைப் பேய்ப்பட வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டன. த்ரில்லரின் தொடக்கம் பயத்தோடு ஒரு கேள்வியையும் கிளப்ப வேண்டும். யார் திறந்தது, ஏன் திறந்தது? பயம் மட்டும் இருந்து கேள்வி இல்லையென்றால் பார்ப்பவர் பேய்க்குத்தான் காத்திருப்பார். இதைக் கட்டுரையில் எழுத எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அதிக மதிப்பெண் வாங்கித் தந்த பத்தி அதுதான்.

அவர்கள் பார்க்கும்போது நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள், அவர்களைப் பாருங்கள். கைபேசியை எடுத்த நொடியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு படத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டு, இன்னொரு முறை கண்ணை மூடிக்கொண்டு. ஒலி இல்லாமல் ஓட்டியதும் படம் சப்பென்று ஆகிவிட்டால், பதற்றம் முழுவதையும் இசைதான் சுமந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணை மூடிக் கேட்டபோதுதான் எங்கள் ஃப்ரிட்ஜ் கதை வெளியே வந்தது.

சமையலறை வைடு ஷாட்டை எடுக்கும்போது ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. கிளோஸ்-அப் எடுப்பதற்குள் யாரோ அதை அணைத்துவிட்டார்கள். எடிட்டில், 1:12-இல், அவள் இருட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கும் கட்-இல் (ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தில்) அந்த ரீங்காரம் சட்டென்று நின்றுபோகிறது. முறைப்படி பார்த்தால் இது பிழை. படப்பிடிப்பு இடத்தின் வெறும் ஒலியை 30 நொடி தனியாகப் பதிந்து வைத்திருந்தால் — ரூம் டோன் என்பார்களே, அது — அதைப் பரப்பி ஒட்டுத் தெரியாமல் மூடியிருக்கலாம். ஆனால் பார்த்தவர்களில் மூன்று பேர் அந்த இடத்தைக் குறிப்பிட்டு, "அங்க யாரோ இருக்காங்கன்னு அப்பதான் தோணுச்சு" என்றார்கள். உடனே நாங்கள் கட்டுரையில் "திட்டமிட்ட ஒலி வடிவமைப்பு" என்று எழுதிவிட்டோம். இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் மாற்றினோம்: அது தற்செயல், ஓயாமல் கேட்கும் ஒரு சத்தம் நின்றால்தான் அது இருந்ததே காதுக்கு உறைக்கிறது, அதனால் வைத்துக்கொண்டோம், ஆனால் 0:48-இல் அதே ரீங்காரம் காரணமே இல்லாமல் விட்டு விட்டு வருகிறது, அது வெறும் பிழை. தற்செயலை ஒப்புக்கொண்டு, ஏன் வேலை செய்தது என்று சொல்வதும் மதிப்பீடுதான். (ஃப்ரிட்ஜை அணைக்கும் ஒலிப்பதிவாளர்கள் கார் சாவியை அதற்குள் வைத்துவிடுவார்களாம். சாவியை எடுக்க வரும்போது மறக்காமல் ஃப்ரிட்ஜைப் போட்டுவிட்டுப் போகலாம். எங்களிடம் கார் இல்லை. பால் திரிந்துபோனது.)

இனி கட்-களுக்கு வருவோம். எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு கட் சரியா என்று பார்க்க ஆறு விஷயங்களுக்கு எடை போட்டிருக்கிறார். உணர்வுக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, 180 டிகிரி கோடு (கேமரா தாண்டக் கூடாத கற்பனைக் கோடு) போன்ற திரைத்தள ஒழுங்குக்கு 5, இடத்தின் முப்பரிமாணத் தொடர்ச்சிக்கு 4. மாணவர் கட்டுரைகளைப் பார்த்தால் கடைசி 9 விழுக்காட்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். நாங்களும் கோட்டைத் தாண்டியதற்கு அரைப்பக்கம் மன்னிப்புக் கேட்டிருந்தோம். பார்த்தவர் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை.

மூலப் ஃபுட்டேஜை மறுபடி பார்த்தபோது கிடைத்ததுதான் உறுத்தியது. கைப்பிடியில் அவள் கை வைக்கும் கிளோஸ்-அப். கை பட்டவுடன் கட் செய்திருந்தோம். அந்த டேக்கில் அதற்குப் பிறகு 2 நொடி இருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது நடித்த பெண்ணுக்கு மறந்துபோய், விரல்கள் கைப்பிடியை இறுக்குவதும் தளர்வதுமாக நிற்கிறாள். படம் முழுக்க அவ்வளவு தயக்கம் வேறெங்கும் இல்லை. "தப்பான டேக்" என்று குறித்து ஒதுக்கியிருந்தோம். அதனால் வெட்டி எறிந்ததையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் மதிப்பீட்டை முடிக்காதீர்கள்.

டைட்டிலைத் தனியாகப் பாருங்கள். எங்கள் படத்தில் இடது ஓரத்தில் ஒளிப்பதிவாளர் பெயர் வரும்போது, வலது ஓரத்தில் ஒரு கை திரைச்சீலையை விலக்குகிறது. எல்லோரும் பெயரைப் படித்தார்கள், கையைப் பார்த்தவர் ஒருவர்தான். மர்ச் 7 விழுக்காடு கொடுத்தாரே, அந்தக் கண் சமாச்சாரம் இதுதான்.

தொழில்நுட்பக் குறைகளைச் சுருக்கமாக, காரணத்தோடு எழுதினால் போதும். "நிறம் சரியில்லை" என்பது யாருக்கும் பயன்படாது. ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில், மஞ்சள் குண்டுபல்பு சுமார் 2700, பகல் வெளிச்சம் சுமார் 5600. இரண்டும் ஒரே ஃப்ரேமில் விழுந்ததால் ஜன்னல் பக்கம் நீலம் பாய்ந்தது என்று எழுதினால், அடுத்த முறை திரைச்சீலையை மூட வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். விளக்கு மினுக்கலும் அப்படித்தான். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியிலோ 1/100 நொடியிலோ வைத்திருந்தால் எங்கள் ட்யூப்லைட் துடித்திருக்காது. சுவர்க் கடிகாரம் ஒரே நடையில் 4:10-இலிருந்து 6:35-க்குத் தாவியதைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுத எதுவும் இல்லை.

எழுதி முடித்ததும், கட்டுரையில் "நாங்கள்" வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றிலும் உண்மையில் செய்தது யார் என்று பாருங்கள். நான் எடிட்டிங் மட்டுமே செய்தேன், ஆனால் என் வரைவில் ஒளியமைப்பு, நடிப்பு, இசை எல்லாவற்றிலும் "நாங்கள்" என்று புகுந்திருந்தேன். பாதியை நீக்கினேன். மிச்சத்தில் ஓரிடத்தை "நான்" என்று மாற்ற வேண்டியிருந்தது: கைப்பிடி ஷாட்டை அந்த 2 நொடிக்கு முன்னால் வெட்டியது நான்.