லூப் நின்றுவிட்டால் மட்டும் போதாது

வார இறுதிகளில் சில மாணவர்களுக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். போன வாரம் ஒரு மாணவி தன் புரோகிராமைக் கொண்டுவந்து காட்டினாள். முந்தின நாள் அதிலிருந்த லூப் (அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி) முடிவே இல்லாமல் சுற்றி, புரோகிராம் ஹேங் ஆகிக் கிடந்தது. இப்போது ஓடுகிறது. எப்படிச் சரிசெய்தாய் என்று கேட்டேன். "ஆயிரம் சுத்து ஆனதும் பிரேக் போட்டுட்டேன் சார். ஓடுதே, போதாதா?"

பிரேக் என்பது லூப்பை விட்டு உடனே வெளியேறச் சொல்லும் கட்டளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதையேதான் செய்தேன். அதன் விலையை வேறொருவர் கொடுத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன். சுற்றுகளை எண்ணும் எண்ணியைக் கூட்ட மறப்பது, நிபந்தனையைத் தலைகீழாக எழுதுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. நாலு முறை அடிபட்டால் அதெல்லாம் கைக்குப் பழகிவிடும்.

விண்டோவை மூடிவிடுவது

நிற்காமல் ஓடும் புரோகிராமைப் பார்த்ததும் பலர் பதறிப்போய் விண்டோவையே மூடிவிடுகிறார்கள். கையில் இருந்த ஒரே தடயமும் அதோடு போய்விடுகிறது. கன்ட்ரோல் சி அழுத்துங்கள். எந்த வரியில் இருந்தபோது நிறுத்தப்பட்டது என்று பைத்தான் காட்டும். இரண்டு மூன்று முறை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே நாலைந்து வரிக்குள் வந்து நின்றால் லூப் அகப்பட்டுவிட்டது.

கன்ட்ரோல் சி-க்கும் அசையவில்லையா? லூப்புக்குள், பிழை வந்தால் பிடித்துக்கொள்ள ட்ரை போட்டு, எந்தப் பிழை என்று பெயர் சொல்லாமல் வெறும் எக்ஸெப்ட் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது கன்ட்ரோல் சி எழுப்பும் கீபோர்டு இன்டரப்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சுற்றும். பிழையின் பெயரை எழுதுங்கள்.

காரணம் தெரியாமல் பிரேக் போடுவது

ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு மாத விற்பனையைக் கூட்டித் தரும் புரோகிராம் எழுதினேன். ஒரு ஃபைலில் வரிக்கு ஒரு பில். முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, தொகையைக் கூட்டி, லூப்பின் கடைசியில் வரி எண்ணை ஒன்று ஏற்ற வேண்டும். வெற்று வரி வந்தால் கன்டினியூ, அதாவது மீதியை விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போ. நான் சோதித்த ஃபைலின் கடைசியில் ஒரு வெற்று வரி இருந்தது. புரோகிராம் அங்கே போய் மாட்டிக்கொண்டது. ஏன் என்று அரை மணி நேரம் பார்த்தேன், பிடிபடவில்லை. மாதத்துக்கு 1,500 பில்தானே என்று, 5,000 சுற்று தாண்டினால் பிரேக் என ஒரு வரி சேர்த்தேன். நின்றது. கூட்டுத்தொகையும் சரியாக வந்தது. கடையில் நிறுவிவிட்டு வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, கடையில் இருந்தவர் தப்பாகப் போட்ட ஒரு பில்லை ஃபைலைத் திறந்து கையால் அழித்தார். அந்த இடத்தில் வெற்று வரி ஒன்று நின்றுவிட்டது. மாதத்தின் 22-ஆம் தேதி வாக்கில். புரோகிராம் அதுவரை கூட்டியது, அங்கே மாட்டியது, 5,000 ஆனதும் வெளியேறியது, கிடைத்த தொகையை அச்சிட்டது. மீதி ஒரு வாரத்து விற்பனை கணக்கிலேயே இல்லை. பிழைச் செய்தி எதுவும் இல்லை. வியாபாரம் மந்தம் என்று நினைத்த முதலாளி அடுத்த மாதச் சரக்கைக் குறைத்து ஆர்டர் போட்டார். பழைய வழக்கத்தை விடாமல் நோட்டில் எழுதி வந்த கணக்குப்பிள்ளைதான் தன் கூட்டலோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: வரி எண்ணை ஏற்றும் வரி கன்டினியூவுக்குக் கீழே இருந்தது, அதை மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். கன்டினியூ வந்ததும் அதற்குக் கீழே உள்ள எதுவும் அந்தச் சுற்றில் ஓடாது. நான் அதைத் தேடாமல் அறிகுறியை மட்டும் மூடி வைத்தேன். ஹேங் ஆகியிருந்தால் அன்றைக்கே யாராவது போன் செய்திருப்பார்கள். யாரும் சந்தேகப்படாத தப்பான தொகை அதைவிட மோசம்.

மாணவர்களுக்கு இதை விளக்க மைக்ரோசாஃப்டின் ஸூன் கருவியை எடுத்துக்கொள்வேன். பாட்டுக் கேட்கும் கருவி அது. 2008 டிசம்பர் 31 அன்று அதன் 30 ஜிபி மாடல்கள் உறைந்து நின்றன. கடிகாரத்தைக் கவனிக்கும் பகுதியில் ஒரு லூப். 1980 முதல் கடந்த நாட்களிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிப்பது அதன் வேலை. மீதி நாட்கள் 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்றும். சாதாரண ஆண்டென்றால் 365-ஐக் கழித்து ஆண்டை ஒன்று ஏற்றும். லீப் ஆண்டென்றால், மீதி 366-க்கு மேல் இருந்தால் மட்டுமே 366-ஐக் கழிக்கும். 2008 லீப் ஆண்டு, அன்று அதன் 366-ஆம் நாள். 365-ஐவிடப் பெரியது, ஆகவே உள்ளே போகும். 366-ஐவிடப் பெரியதில்லை, ஆகவே எதையும் கழிக்காது. திரும்பவும் மேலே. பேட்டரியைத் தீரவிட்டு, மறுநாள் கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு ஆன் செய்யுங்கள் என்று நிறுவனம் சொன்னது.

இதைத் திருத்தச் சொன்னால் பாதிப் பேர் "366-க்கு மேல்" என்பதை "366 அல்லது அதற்கு மேல்" என்று மாற்றுகிறார்கள். லூப் நிற்கும். ஆனால் மீதி நாள் 0, ஆண்டு 2009. அப்படியொரு தேதியே கிடையாது. சரியான திருத்தம், லீப் ஆண்டில் மீதி சரியாக 366 என்றால் எதையும் கழிக்காமல் பிரேக் போட்டு வெளியேறுவது. பிரேக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த நிலைமைக்காகப் போடுகிறோம் என்று ஒரு வரியில் சொல்ல முடிந்தால் போடுங்கள்.

சரி, காரணத்தை எப்படிப் பிடிப்பது? லூப்பின் நிபந்தனையில் எந்தெந்த மாறி (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) வருகிறது என்று பாருங்கள். உள்ளே நுழைந்ததும் முதல் வரியில் அவற்றைப் பிரிண்ட் செய்யுங்கள். அடியில் போட்டால் கன்டினியூ அதையும் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்த சுற்றுகளில் மதிப்பு மாறாமல் வந்தால், எந்த இஃப் வழியாகப் போனதால் மாறவில்லை என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் பத்து நிமிட வேலை. சுற்றுக்கு உச்சவரம்பு வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் வையுங்கள். வரம்பைத் தாண்டினால் பிழைச் செய்தியோடு புரோகிராம் நிற்கட்டும். சத்தமில்லாமல் வெளியே வந்து ஒரு விடையைக் கொடுக்கக் கூடாது.

தசம எண்ணிடம் "சமமா" என்று கேட்பது

0.1-ஐப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டினால் பைத்தானில் 0.9999999999999999 வரும். அடுத்த சுற்றில் 1.0999999999999999. ஒன்றுக்குச் சமமாகும்வரை சுற்று என்று எழுதினால் ஒன்றைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். சுற்றை முழு எண்ணால் எண்ணுங்கள். பணமென்றால் பைசாவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்சைன்ட் எண்ணில் கீழ்நோக்கி எண்ணுவது

அன்சைன்ட் என்றால் மைனஸே இல்லாத எண். சி மொழியில் அதை வைத்துக் கீழ்நோக்கி எண்ண வேண்டாம். 32 பிட்டில் 0-இலிருந்து ஒன்று குறைத்தால் 4294967295 வரும், 0-க்குக் கீழே போகவே போகாது.

சுற்றிக்கொண்டிருக்கும் லிஸ்ட்டிலேயே அப்பெண்ட் செய்வது

அப்பெண்ட் என்பது லிஸ்ட்டின் கடைசியில் சேர்ப்பது. சுற்றச் சுற்ற லிஸ்ட் நீண்டுகொண்டே போனால் முடிவு வராது. நகல் எடுத்து அதைச் சுற்றுங்கள்.

மெதுவான லூப்பை முடிவில்லாத லூப் என்று நினைப்பது

ஒரு மாணவன் இரண்டு லிஸ்ட்டுகளை ஒப்பிட லூப்புக்குள் லூப் எழுதியிருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பெயர். நிற்கவே இல்லை என்று இரண்டு நாள் நிபந்தனைகளை மாற்றி மாற்றி எழுதி, சரியாக இருந்ததையும் கெடுத்துவிட்டான். லட்சத்தை லட்சத்தால் பெருக்கினால் ஆயிரம் கோடி சுற்று. நொடிக்கு ஒரு கோடி சுற்று என்று வைத்தாலும் பதினாறு நிமிடத்துக்கு மேல் ஆகும். அவன் இரண்டு நிமிடம் பொறுத்திருந்தான். வெளி லூப்பில் ஆயிரம் சுற்றுக்கு ஒருமுறை எண்ணைப் பிரிண்ட் செய்யச் சொன்னேன். எண் ஏறிக்கொண்டே வந்தது. அப்புறம் இரண்டாவது லிஸ்ட்டை, ஒரு பெயர் இருக்கிறதா என்று சட்டென்று சொல்லும் செட்டாக மாற்றி, உள் லூப்பை எடுத்துவிட்டோம். ஒரு நொடிக்குள் முடிந்தது.