‘புரிஞ்சுதுங்களா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

ஆன்லைன் வகுப்புக்கு ஃபெசிலிடேட்டர் என்றால் லிங்க் அனுப்புவது, மியூட் பண்ணச் சொல்வது, அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் ஒத்துக்கொண்டேன். திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் சின்ன யூனிட்டுகளில் கணக்கு பார்ப்பவர்களுக்கான ஜிஎஸ்டி வகுப்பு, சாயங்காலம் ஏழு மணிக்கு. பாடம் எடுக்க ஒரு ஆடிட்டர் இருக்கிறார். வந்தவர்களைப் பேச வைப்பதுதான் நம் வேலை என்பது எனக்கு நாலு வகுப்பு போன பிறகுதான் உறைத்தது.

வகுப்பு தொடங்குவதற்கு முன்னாடியே ஒவ்வொருவரிடமும் போனில் பேசிவிடுங்கள். எந்த போனில் வருவார்கள், அந்த நேரத்துக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. சோமனூர் அக்கா ஒருவர் வாயே திறக்காமல் இருக்க, ஆர்வமில்லை போல என்று விட்டுவிட்டேன். பார்த்தால் வீட்டுக்குப் பின்னாலேயே விசைத்தறி, மைக்கைத் திறந்தால் அந்தச் சத்தம்தான் எல்லோருக்கும் கேட்கும் என்று அவருக்குக் கூச்சம். "சாட்ல போட்டு விடுங்க்கா, நான் படிக்கறேன்" என்றேன். அன்றைக்கே கேட்டார்: ஜாப்வொர்க்குக்கு, அதாவது வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் வேலைக்கு, துணி அனுப்ப பில் போடணுமா, டெலிவரி சலான் (சரக்கோடு அனுப்பும் சீட்டு) போதுமா?

பதில் எனக்குத் தெரியும், ஆனால் சொல்லவில்லை. "பல்லடத்துத் தம்பி, உங்க யூனிட்ல என்ன பண்றீங்க?" என்று தள்ளிவிட்டேன். "சலான்தானுங்க, தினமும் போடறேன்" என்றார் அவர், உடனே இன்னும் மூன்று பேர் மைக்கைத் திறந்தார்கள். ஆடிட்டர் கடைசியில் விட்டுப்போனதை மட்டும் சேர்த்தார்.

கேள்வி கேட்டுவிட்டுப் பொறுத்திருப்பதுதான் இதில் ரொம்பக் கஷ்டம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை 3 நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். அது நேரில் நடந்த வகுப்பு. இங்கே மைக் பட்டனைத் தேடவே அதைவிட நேரமாகும், அதனால் நான் மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறேன்.

"புரிஞ்சுதுங்களா?" என்று கேட்டால் நம்ம ஊரில் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், மரியாதைக்காகவாவது "புரிஞ்சுதுங்" என்பார்கள். அதற்குப் பதிலாக ஒரு பில்லைத் திரையில் காட்டி, வரி எவ்வளவு வரும், சாட்டில் போடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், யாருக்கு எங்கே இடிக்கிறது என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் முகத்தில் அடித்த மாதிரி நிறுத்த வேண்டாம். "அண்ணா சொன்னதை வெச்சுக்குவோம், இன்னொருத்தர் எப்படிப் பண்றாருன்னு கேப்போம்" என்றால் அண்ணாவும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரிக்கும் பிரேக்அவுட் ரூமுக்கு நாலு பேர் போதும், செய்ய வேண்டியதை வாட்ஸ்அப்பில் எழுதிப் போட்டுவிட்டு அனுப்புங்கள். ஜூமில் கட்டணக் கணக்கு என்றால் ஒருவரை கோ-ஹோஸ்ட் (துணை நடத்துநர்) ஆக்கி வையுங்கள், கரண்ட் போய் நீங்கள் காணாமல் போனாலும் வகுப்பு நடக்கும். இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் கட் ஆகும், முக்கியமான பயிற்சியைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

அப்புறம், மாதாமாதம் 20ஆம் தேதியை ஒட்டி வகுப்பே போடாதீர்கள். 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் பண்ணுகிற அவசரத்தில் எங்கள் வகுப்புக்கு ஒருமுறை வந்தது நானும் ஆடிட்டரும்தான்.