கைக்கெட்டும் தூரத்தில் புத்தகங்கள்: வீட்டில் வாசிப்புக்கு இடம் அமைப்பது எப்படி?

வீட்டில் புத்தகங்களுக்கு இடம் ஒதுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடிக் கதவும் பூட்டும் வைத்த அலமாரியிலிருந்தே தொடங்குகிறார்கள். சாவியைத் தேடி எடுத்துத்தான் படிக்க வேண்டும் என்றால், நாளடைவில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதாகும். வீட்டு அலமாரிக்கும் அது பொருந்தும். ஆகவே திறந்த தட்டுகளையே அமையுங்கள். அவற்றை எல்லோரும் புழங்கும் கூடத்தில் வையுங்கள். பரணுக்குப் போன புத்தகம் பெரும்பாலும் திரும்பி இறங்குவதில்லை.

நம் ஊர்ப் புழுக்கத்திலும் அடைமழையிலும் அலமாரிக்குச் சுவரைத் தேர்வதுதான் முக்கியமான வேலை. குளியலறையை ஒட்டிய சுவரும், மழைச்சாரல் படும் வெளிச்சுவரும், மேற்கு வெயில் நேராக விழும் இடமும் வேண்டாம். சுவருக்கும் அலமாரிக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, அடித்தட்டைத் தரையிலிருந்து அரையடி உயர்த்திவிட்டால், காற்றோட்டம் கிடைப்பதோடு கரையான் ஏறிவரும் மண் கோடும் உடனே கண்ணில் படும். தட்டின் ஆழம் ஒன்பது அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை சேர்ந்து, அந்தப் புத்தகங்கள் மறந்தே போகும். முக்கால் அங்குலப் பலகையானாலும் இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் கொடுக்காவிட்டால் பாரத்தில் நடுவே தொய்யும்.

இராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் நாடி வந்து, அட்டையை ஒட்டிய பசையையும் காகிதத்தையும் அரிக்கும். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வைக்கும் வழக்கம் நல்லதுதான். ஆனால் புத்தகங்களை அடிக்கடி எடுத்துப் புரட்டுவதும், இறுக்கமாக அடுக்காமல் விரல் நுழையும் அளவு தளர்வாக வைப்பதும் அதைவிட முக்கியம். நனைந்த புத்தகத்தைக் கடும் வெயிலில் போடாமல், தாள்களை விரித்து மின்விசிறியின் கீழ் உலர்த்துங்கள்.

குழந்தைகளின் புத்தகங்கள் கீழ்த்தட்டில், அட்டை முன்னால் தெரியும்படி இருக்கட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை படத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தை எடுக்கும். கிழித்துவிடுவார்கள் என்று அஞ்சி உயரத்தில் வைக்காதீர்கள், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். இரவு உணவுக்குப் பின் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பெரியவர்களும் அதே இடத்தில் அமர்ந்து படிக்க வேண்டும். அதற்கு ஒரு பாயும், தோளுக்குப் பின்னிருந்து ஒளி விழும் ஒரு விளக்கும் போதும்.

புத்தகத்தை இரவல் கொடுக்கத் தயங்காதீர்கள். வாங்கியவர் பெயரையும் தேதியையும் எழுத ஒரு குறிப்பேடு மட்டும் அலமாரியிலேயே தொங்கட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, சரசுவதி பூசைக்கு முந்தைய நாட்களில், எல்லாவற்றையும் இறக்கித் துடைக்கும்போது, இனி படிக்கப்போவதில்லை என்று தெரிந்தவற்றைப் பிரித்து, பக்கத்துப் பள்ளியோ கிளை நூலகமோ ஏற்குமா என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். புதிதாக வாங்குபவற்றுக்கு இடம் கிடைக்கும்.