பின்னணி நிறம் எங்கே கரைய வேண்டும்? கிரேடியன்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜ் ஒன்றுக்கு வெப்சைட் செய்வதாக வைத்துக்கொள்வோம். அதைப் பார்ப்பவர் பெரும்பாலும் வெளியூர்க்காரர். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, நோயாளியை உட்கார வைத்துவிட்டு, போனில் அறை வாடகையைத் தேடுகிறார். மேலே கரும்பச்சையில் தொடங்கி வெள்ளையாகக் கரையும் பின்னணி, அதாவது கிரேடியன்ட், அழகுதான். ஆனால் வாடகைப் பட்டியல் வருவதற்குள் பச்சை முழுக்கக் கரைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கறுப்பு எழுத்து அரைப் பச்சையில் மங்கி, அவசரத்தில் இருப்பவர் கண்ணைச் சுருக்கிப் படிக்க வேண்டியிருக்கும்.

இது பெரும்பாலும் கெடுவது சதவீதத்தால்தான். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்-இல் 'பச்சை 0%, வெள்ளை 30%' என்று எழுதி லேப்டாப்பில் பார்த்தால் கச்சிதமாக இருக்கும். அந்த 30% திரையின் உயரத்தில் அல்ல, பின்னணி போட்ட பெட்டியின் உயரத்தில் கணக்காகிறது. லேப்டாப்பில் பக்கம் 800 பிக்சல் என்றால் 240-இல் வெள்ளை வந்துவிடும். போனில் அறைப் படங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, அதே பக்கம் 4000 பிக்சல் நீண்டால், வெள்ளை வருவது 1200-இல். உரிமையாளர் நாளைக்கு நாலு படம் சேர்த்தால் இன்னும் கீழே இறங்கும். அதனால் முடியும் இடத்தைப் பிக்சலில் கொடுங்கள்: 'பச்சை 0, வெள்ளை 240 பிக்சல்'. அதற்குக் கீழே எத்தனை நீளமானாலும் வெள்ளையே தொடரும். என்னைக் கேட்டால், தலைப்புப் பகுதியைத் தனிப் பெட்டியாக்கி அதற்கு மட்டும் கிரேடியன்ட் போடுவதே நல்லது. அப்போது 100% என்பது அந்தப் பெட்டியின் அடிவிளிம்பு, கணக்கே தேவையில்லை.

பக்கம் குட்டையானால் வேறு சிக்கல். முகவரியும் போன் நம்பரும் மட்டும் உள்ள பக்கத்தில், பாடிக்கு, அதாவது பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் உறுப்புக்கு, போட்ட பின்னணி திரை முழுக்கப் பரவும். கிரேடியன்ட்டின் உயரமோ பாடியையும் சுற்றியிருக்கும் எச்டிஎம்எல் உறுப்பின் உயரம்தான். விஷயம் பாதித் திரையில் முடிந்தால், வெள்ளைக்குக் கீழே மறுபடி பச்சை தொடங்கிவிடும். எச்டிஎம்எல் உறுப்புக்கு மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 100% கொடுங்கள். பின்னணி திரும்ப வராதபடி 'நோ-ரிபீட்' போட்டு, கடைசி நிறத்தையே பேக்ரவுண்ட்-கலராகவும் வையுங்கள். அந்தக் கலர் வரியை பின்னணி அமைப்புகளை மொத்தமாகச் சொல்லும் 'பேக்ரவுண்ட்' என்ற சுருக்க வரிக்குக் கீழேதான் எழுத வேண்டும். மேலே எழுதினால் சுருக்கம் அதை அழித்துவிடும். பின்னணியை 'ஃபிக்ஸ்ட்' ஆக்கி, பக்கம் நகர்ந்தாலும் அது நகராதபடி செய்து சமாளிப்பவர்களும் உண்டு. ஐபோனில் அதை நம்ப முடியாது.

இரண்டு நிறங்களுக்கும் ஒரே இடத்தைக் கொடுத்தாலும், பின்னால் வரும் நிறத்துக்கு முன்னதைவிடச் சின்ன எண் கொடுத்தாலும், கரையவே கரையாது. சேலை பார்டர் மாதிரி பளிச்சென்று கோடு விழும். கரையும் வேகத்தை மாற்ற, நடுவில் நிறமில்லாமல் எண்ணை மட்டும் எழுதலாம்: 'பச்சை 0, 60 பிக்சல், வெள்ளை 240 பிக்சல்'. பாதிக் கலவை 60-லேயே வந்துவிடும், மீதி மெதுவாகக் கரையும்.

வேலூர்க் கோட்டை அகழியின் படத்தின் மேல் கிரேடியன்ட் போட்டு, அடியில் வெள்ளைக்குள் கரைக்க வேண்டுமா? படம் முழுசாகத் தெரிய வேண்டிய முனைக்கு 'டிரான்ஸ்பரன்ட்' என்று எழுதாதீர்கள். அது ஒளிபுகும் கறுப்பு. ஆப்பிளின் பழைய சஃபாரி பிரவுசரில் நடுவே சாம்பல் படியும். ஒளிபுகுதல் 0 கொண்ட வெள்ளையையே எழுதுங்கள்.

கடைசியாக, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) உச்சியில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். சாதாரண அளவு எழுத்துக்கு வெப் அணுகல் விதி கேட்பது குறைந்தது 4.5:1. தலைப்பில் வெள்ளை எழுத்தென்றால், அதன் கடைசி வரிக்குப் பின்னால் பச்சை எவ்வளவு மிச்சமிருக்கிறதோ, அங்கே அளக்க வேண்டும். அதுவும் 360 பிக்சல் அகலத்தில், தலைப்பு மூன்று வரியாக மடங்கிய பிறகு.