ஏதாவது ஒரு பக்கத்துக்கு அனுப்பும் லிங்க்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையதளத்தின் மூலையில் ‘எங்கேயாவது கூட்டிப் போ’ என்று ஒரு லிங்க். அழுத்தினால் ஒருமுறை காசிமேடு மீன்பிடித் துறைமுகம், மறுமுறை திருவொற்றியூர்க் கோயில், இன்னொரு முறை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. வடசென்னையைப் பற்றித் தளம் தொடங்கும் இளைஞர்களில் இந்த லிங்க்கைக் கேட்காதவர்கள் குறைவு. பழைய வண்ணாரப்பேட்டையில் தளம் செய்து கொடுப்பதும், பிறர் செய்து கெட்டுப்போனதைச் சரிசெய்து கொடுப்பதும்தான் என் பிழைப்பு. அதனால் இந்த லிங்க்கின் கோளாறுகள் பெரும்பாலும் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் நிரல் ஒரே ஒரு வரி. அதில் தவறு செய்ய இடமே குறைவு. கோளாறுகளில் பெரும்பகுதி பட்டியலிலும், ஆளை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழியிலும்தான் இருக்கிறது. திட்டு வாங்குவது மட்டும் அந்த ஒரு வரி.

அந்த வரியை முதலில் முடித்துவிடுவோம். பிரவுசரில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் மேத்.ரேண்டம் என்ற கட்டளை 0 முதல் 1 வரை ஒரு தசம எண்ணைத் தரும். 0 வரலாம், 1 வரவே வராது. 25 பக்கங்கள் இருந்தால் அதை 25ஆல் பெருக்கி, மேத்.ஃப்ளோர் கொண்டு தசமப் பகுதியை வெட்டிவிட வேண்டும். 0 முதல் 24 வரை ஓர் எண் கிடைக்கும். பட்டியலிலும் முதல் பக்கத்தின் எண் 0, கடைசிப் பக்கத்தின் எண் 24. பலர் ஃப்ளோர் இருக்க வேண்டிய இடத்தில், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும் மேத்.ரவுண்ட் போடுகிறார்கள். அப்போது எப்போதாவது 25 வந்துவிடும். அந்த இடத்தில் பக்கம் கிடையாது. முகவரிப் பெட்டியில் ‘அன்டிஃபைன்ட்’ (அப்படி ஒன்று இல்லை) என்று எழுதிக்கொண்டு, பக்கம் கிடைக்கவில்லை என்னும் 404 பிழை வந்து நிற்கும். இதைப் பார்த்துப் பதறி, ரவுண்டைத் தொடாமல் பெருக்கும் எண்ணான 25ஐ மட்டும் 24 ஆக்குபவர் உண்டு. பிழைச்செய்தி மறைந்துவிடும். ஆனால் முதல் பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் மற்றவற்றின் பாதி வாய்ப்புதான் கிடைக்கும், ஏனென்றால் 0க்குக் கீழேயும் 24க்கு மேலேயும் இருந்து வந்து சேர வேண்டிய அரைப் பங்கு அவற்றுக்கு இல்லை. இந்தத் தவறு கண்ணில் படாது என்பதால்தான் ஆபத்து.

25 என்ற எண்ணை நிரலில் எழுதுவதே கூடாது. பட்டியலின் நீளத்தைப் பட்டியலிடமே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் இருபத்தாறாவதாகச் சேர்த்த பக்கம் காலமெல்லாம் காத்திருக்கும். கடிகாரத்தின் விநாடியை எடுத்து 25ஆல் வகுத்து மீதியைப் பயன்படுத்தும் குறுக்கு வழியும் வேண்டாம். நிமிடத்துக்கு 60 விநாடி. முதல் 10 பக்கங்களுக்கு மும்மூன்று விநாடியும் மீதி 15 பக்கங்களுக்கு இரண்டிரண்டு விநாடியும்தான் கிடைக்கும்.

பட்டியல்

முதல் தொல்லை பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸ் கணினியில் கோப்பின் பெயரை எப்படி எழுதினாலும் திறக்கும். தளத்தை ஏற்றும் சர்வர் பெரும்பாலும் லினக்ஸ். அது ஆங்கிலத்தின் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறு வேறாகவே பார்க்கும். வீட்டுக் கணினியில் ஓடிய லிங்க் ஏற்றிய மறுநாள் பாதி நேரம் 404 காட்டுகிறது என்றால், முதலில் இதைத்தான் பார்ப்பேன். அடுத்தது முகவரியின் தொடக்கத்தில் சாய்கோடு விடுபடுவது. முகப்புப் பக்கத்திலிருந்து அழுத்தினால் சரியாகப் போகும்; உள்ளே ‘உணவு’ என்ற அடைவுக்குள் போய் அழுத்தினால் அந்த அடைவுக்குள்ளேயே தேடும்.

தமிழில் முகவரி வைப்பவர்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். ‘ராயபுரம்’ நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. கணினிக்கு அது 8 குறிகள், முகவரியில் 72 எழுத்துகள். ஏற்கெனவே இப்படி விரிந்த முகவரியைப் பட்டியலில் ஒட்டிவிட்டு, நிரலில் மறுபடியும் விரிக்கச் சொன்னால் சதவீதக் குறியே இன்னொரு முறை விரிந்து பக்கம் காணாமல் போகும்.

இதைவிடப் பொல்லாதது கொருக்குப்பேட்டை. ‘கொ’ என்பதில் உள்ள கொம்பையும் காலையும் யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில தட்டச்சுப் பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையைத் தருகின்றன. கோப்பின் பெயர் ஒரு வகை, பட்டியலில் இருப்பது மற்றொரு வகை என்றால், உற்று உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது. சர்வர் மட்டும் பக்கம் இல்லை என்று கைவிரிக்கும். இதற்கு மருந்து இருக்கிறது: ஜாவாஸ்கிரிப்டின் நார்மலைஸ் என்ற கட்டளை இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும். ஆனால் சௌகார்பேட்டைக்கு அந்த மருந்து வேலை செய்யாது. ‘சௌ’ என்பதற்கு ஔகாரக் குறி போடாமல், செ என்று தட்டிப் பக்கத்தில் ள என்ற எழுத்தையே தட்டி ‘செளகார்பேட்டை’ என்று எழுதுபவர்கள் ஏராளம். கணினியைப் பொறுத்தவரை அது வேறு சொல், வெறும் எழுத்துப்பிழை. எந்தக் கட்டளையும் அதைத் திருத்தாது. ஆகவே பட்டியலைக் கையால் தட்டவே தட்டாதீர்கள். சர்வரில் இருக்கும் கோப்புகளிலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ அது தானாக உருவாகட்டும்.

தானாக உருவானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வேண்டாதவையும் உள்ளே வந்துவிடும். ‘நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது’ என்ற பக்கம், உள்நுழைவுப் பக்கம், பாதியில் நிற்கும் வரைவு. யாரும் எதுவும் அனுப்பாதபோது நன்றி சொல்லும் தளத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. பழைய பக்கங்களும் அப்படித்தான். மெனுவிலிருந்து யாரும் போகாத பக்கத்துக்கும் இந்த லிங்க் ஆள் அனுப்பும். மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடுகிறது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் பக்கம் இருந்தால் அது அம்பலமாகும். 2021 பிப்ரவரியிலேயே பாதை விம்கோ நகர் வரை போய்விட்டது.

எதைச் சமமாகப் பங்கிடுகிறோம் என்று யோசிப்பவர்கள் மிகக் குறைவு. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, ஆறு பக்கம் எழுதியிருப்பீர்கள். எண்ணூருக்கு ஒரு பக்கம். பக்கங்களைச் சமமாகக் குலுக்கினால் ராயபுரம் ஆறு மடங்கு வரும். ஊர்கள் சமமாக வர வேண்டுமானால் முதலில் ஊரைத் தேர்ந்தெடுத்து, பிறகு அந்த ஊருக்குள் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தரவுத்தளத்தில் பக்கங்களுக்கு வரிசை எண் இருந்தால், 1 முதல் கடைசி எண் வரை ஏதாவது ஒன்றை எடுக்கலாம் என்று தோன்றும். நீக்கிய பக்கங்களின் எண்கள் ஓட்டையாக நிற்கும் என்பதை மறந்துவிடுகிறோம். எக்ஸ்கேசிடி என்ற புகழ்பெற்ற ஆங்கிலக் கேலிச்சித்திரத் தளத்தில் 403க்கு அடுத்தது 405. 404ஆம் எண்ணில் படம் கிடையாது, பிழைப் பக்கம்தான் வரும். அங்கே அது வேண்டுமென்றே செய்த குறும்பு. நம் தளத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. ஓட்டையில் விழுந்தால் அடுத்து இருக்கும் பக்கத்தை எடு என்று எழுதினால், ஓட்டைக்கு அடுத்த பக்கம் மட்டும் அளவுக்கு மீறி வரும்.

இந்தச் சாய்வு விக்கிப்பீடியாவிலும் உண்டு. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் ஒட்டியிருக்கிறது. லிங்க்கை அழுத்தும்போது புதிதாக ஓர் எண் விழும். அதற்கு மேலே முதலில் வரும் கட்டுரை திறக்கும். இடைவெளிகள் ஒரே அளவில் இல்லாததால் சில கட்டுரைகளுக்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. லட்சக்கணக்கான கட்டுரைகளுக்கு நடுவே வேகத்துக்காக அவர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்ட சமரசம் அது. ஆர்டர் பை ரேண்ட், அதாவது கலைத்து அடுக்கித் தா, என்று தரவுத்தளத்தைக் கேட்டால் முழுச் சமமாகக் கிடைக்கும், ஆனால் ஒரு பக்கத்துக்காக எல்லா வரிசைகளுக்கும் எண் போட்டு அடுக்கும். பெரிய தளத்தில் சர்வர் மூச்சுத் திணறும். 25 பக்கம் வைத்திருப்பவர் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

போய்ச் சேரும் வழி

“அண்ணா, எத்தனை முறை அழுத்தினாலும் காசிமேடுதான் வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு எப்போதும் வியாசர்பாடி வருகிறது.” இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. சர்வர் 301 என்ற எண்ணோடு வழிமாற்றுகிறது. 301 என்றால் ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டது’ என்று பொருள். பிரவுசர் அதை நம்பி நினைவில் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை சர்வரைக் கேட்பதே இல்லை. அவரவருக்கு முதலில் விழுந்த பக்கமே அவரவருக்கு நிலைத்துவிடும். 302 போட வேண்டும், அதாவது தற்காலிக மாற்றம். கூடவே, கேஷ் என்ற தற்காலிகக் கிடங்கில் சேமிக்காதே என்று சொல்லும் நோ-ஸ்டோர் தலைப்பையும் (பக்கத்துக்கு முன்னால் சர்வர் அனுப்பும் குறிப்பு) அனுப்புவது நல்லது. 301ஐப் பிறகு மாற்றினாலும், ஏற்கெனவே வந்துபோனவர்களின் பிரவுசர்களில் பழையது கிடக்கும். லிங்க்கின் முகவரியையே மாற்றிவிடுவதுதான் சுருக்கமான வழி.

பையனுக்கும் காசிமேடு, இவருக்கும் காசிமேடு, ஊருக்கே காசிமேடு என்றால் கதை வேறு. தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் போன்ற சேவை அந்தப் பதிலைச் சேமித்து எல்லாருக்கும் அதையே பரிமாறுகிறதா என்று பாருங்கள். எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே தயாரித்து வைக்கும் ஹ்யூகோ, ஜெக்கில் போன்ற கருவிகளில் கட்டிய தளமென்றால் அதற்கும் முன்னாலேயே தவறு நடந்திருக்கலாம்: தளத்தைக் கட்டும் நேரத்தில் ஒரே ஒரு முறை குலுக்கி, வந்த பக்கத்தை லிங்க்கில் எழுதிவிட்டிருக்கும். மறுபடி கட்டும் வரை அதுதான். இந்த வகைத் தளங்களில் குலுக்கலைப் பார்ப்பவரின் பிரவுசரில்தான் நடத்த வேண்டும்.

சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதுபவர்களைப் படுத்துவது ‘தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன’ என்ற எச்சரிக்கை. வழிமாற்றும் கட்டளைக்கு முன்னால் ஒரு வெற்று வரி வெளியே போயிருந்தாலும் பெரும்பாலும் இது வரும். வெற்று வரியே இல்லை என்று சத்தியம் செய்பவர்களின் கோப்பைத் திறந்தால், பழைய நோட்பேட் யூடிஎஃப்-8இல் சேமிக்கும்போது கோப்பின் தலையில் சத்தமில்லாமல் சேர்த்த 3 பைட் இருக்கும். வழிமாற்றியதும் நிரலை நிறுத்தும் எக்ஸிட் கட்டளையை எழுதுவதையும் மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஆள் போன பிறகும் கீழே உள்ள நிரல் ஓடிக்கொண்டிருக்கும்.

லிங்க்கில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஹேஷ் குறியைப் போட்டு, எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டின் தலையில் கட்டுவது சோம்பேறித்தனம். சிக்னல் இழுத்தடித்து அந்த நிரல் வந்து சேராவிட்டால், அழுத்தியவர் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கி எறியப்படுவார், அவ்வளவுதான். புதிய டேபில் திறக்க நினைப்பவருக்கு அதே பக்கம் இன்னொரு முறை திறக்கும். எல்லாப் பக்கங்களையும் அடுக்கிய அட்டவணைப் பக்கத்தின் முகவரியையாவது அங்கே வையுங்கள்.

‘உங்களை அழைத்துச் செல்கிறோம்’ என்று மூன்று விநாடி இடைப்பக்கம் காட்டிவிட்டு அனுப்பும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். பின்னே போகும் பொத்தானை அழுத்தியவர் அந்த இடைப்பக்கத்தில் விழுந்து, மறுபடியும் வேறெங்கோ தள்ளப்படுவார். கட்டாயம் வேண்டுமென்றால் லொகேஷன்.ரீப்ளேஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள், வரலாற்றில் இடைப்பக்கம் தங்காது.

திரும்பத் திரும்ப வருகிறதே

எல்லாம் சரியாக இருந்தாலும் புகார் வரும். 25 பக்கங்களில் ஆறு முறை அழுத்தினால், ஏதாவது ஒரு பக்கம் இரண்டாம் முறை வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 48 சதவீதம். கணக்குப்படி குற்றமில்லை, ஆனால் அழுத்துபவருக்கு அது பழுது. ஸ்பாட்டிஃபையே ஒரே பாடகரின் பாடல்கள் அடுத்தடுத்து வருகின்றன என்ற புகாருக்காகத் தன் கலைப்பு முறையை மாற்றிய கதையை 2014இல் எழுதியது. நமக்குக் குலுக்கல் சீட்டு முறை போதும். ஏற்கெனவே சீட்டு எடுத்தவரின் பெயரை மறுபடி டப்பாவில் போடுவதில்லை அல்லவா? பட்டியல் முழுவதையும் ஒருமுறை கலைத்து, பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்து, ஒவ்வொன்றாக எடுங்கள். டப்பா காலியானதும் மறுபடி கலைக்கும்போது, முன் சுற்றின் கடைசிப் பக்கமே புதுச் சுற்றின் முதல் பக்கமாக வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீக்கிய பக்கங்கள் பழைய டப்பாவில் ஒளிந்திருக்கலாம். எடுக்கும்போது இன்றைய பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

கலைப்பதற்கு ஃபிஷர்–யேட்ஸ் முறை இருக்கிறது. காகிதத்தில் செய்வதற்காக 1938இல் சொன்னது. ஆறு வரிக்கு மேல் வராது. அதை விட்டுவிட்டு, வரிசைப்படுத்தும் கட்டளைக்குள் ரேண்டத்தைச் செருகி ஒரே வரியில் முடிப்பவர்கள் 2010இல் மைக்ரோசாஃப்ட்டுக்கு நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நெருக்குதலால், எந்தப் பிரவுசர் வேண்டும் என்று கேட்கும் பக்கத்தை அது வெளியிட்டது. முன்னணிப் பிரவுசர்கள் ஐந்தும் வரிசை மாறி மாறி வர வேண்டும் என்பது ஏற்பாடு. இந்தச் செருகல் முறையில் கலைத்ததால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தவர்களுக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே ஏறத்தாழ பாதி முறை கடைசி இடத்தில் வந்தது. தனக்கே பாதகமான சாய்வு என்பதால் சதி என்று யாரும் சொல்ல வழியில்லை. பிறகு திருத்திவிட்டார்கள்.

போக வேண்டிய முகவரியை லிங்க்கின் வாலிலேயே ஒட்டி அனுப்பி, சர்வர் அதை அப்படியே ஏற்று வழிமாற்றும் வடிவமைப்பை எங்கே பார்த்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். உங்கள் தளத்தின் பெயரோடு தொடங்கும் லிங்க்கை நம்பி அழுத்துபவரை, மோசடிக்காரர் போலி வங்கிப் பக்கத்துக்கு அனுப்ப அதுவே போதும். சர்வர் தன்னிடம் உள்ள பட்டியலுக்கு வெளியே எவரையும் அனுப்பக் கூடாது. தேடுபொறிகளின் ரோபோக்களும் இந்த லிங்க்கை ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும், எங்கே வரக் கூடாது என்று அவற்றுக்குச் சொல்லும் ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பில் அந்த ஒரு முகவரியைத் தடுத்துவிட்டால் போதும்.

ஏற்றுவதற்கு முன் கையால் பத்துத் தடவை அழுத்திப் பார்த்து ‘மாறுகிறதே’ என்று விட்டுவிடுவது சோதனை ஆகாது. பிரவுசரில் நிரலைத் தட்டி ஓட்டிப் பார்க்கும் கன்சோலில் தேர்வு வரியைப் பத்தாயிரம் முறை ஓடவிட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தனை விழுந்தது என்று எண்ணுங்கள். 25 பக்கமென்றால் தலைக்கு 400 சுமார். நாற்பது ஐம்பது கூடலாம், குறையலாம். முதலும் கடைசியும் மட்டும் 200ஐ ஒட்டி நின்றால் மேத்.ரவுண்ட் எங்கோ இருக்கிறது. அதன் பிறகு பட்டியலின் ஒவ்வொரு முகவரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள், கொருக்குப்பேட்டையையும் சௌகார்பேட்டையையும் முதலில்.