சர்வருக்கு எந்த ஓ.எஸ்.? குமரி நிறுவனங்கள் சறுக்கும் இடங்கள்

"சர்வருக்கு எந்த இயங்குதளம் (ஓ.எஸ்.), விண்டோஸா, லினக்ஸா?" என்று கேட்டுக்கொண்டு கூட்டத்தைத் தொடங்குவதே முதல் தவறு. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் நாலைந்து முந்திரி ஆலை, நாகர்கோவிலில் தலைமை அலுவலகம், குலசேகரத்தில் ரப்பர் கிடங்கு என்று இருக்கும் ஒரு நிறுவனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கணக்கு டாலியில் ஓடுகிறதென்றால் அதற்கு விண்டோஸ்தான், பேச்சே இல்லை. சம்பளப் பட்டியலும் வருகைப் பதிவும் பிரவுசரில் திறப்பவை, பின்னால் இருப்பது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் அதற்கு லினக்ஸ் தாராளம். மென்பொருள் பட்டியலை முதலில் எழுதுங்கள், ஓ.எஸ். தானாக வந்து நிற்கும். ஒரே நிறுவனத்தில் இரண்டும் இருந்தால் குடி முழுகிப் போகாது.

பணம் கரையும் இடம் லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் 2016 முதல் கோர் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனிக் கணிப்புப் பிரிவு) கணக்கில்தான் லைசென்ஸ். ஒரு சர்வருக்குக் குறைந்தது 16 கோர். நீங்கள் வாங்குவது 12 கோர் பிராசசர் இரண்டு உள்ள பெட்டி என்றால் 24 கோருக்கும் கட்ட வேண்டும். ஸ்டாண்டர்ட் பதிப்பில் அதற்குக் கிடைப்பது இரண்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடுபவை). நான்கு வேண்டுமா? அதே 24 கோருக்கு இன்னொரு முறை பணம். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் டேட்டாசென்டர் பதிப்பே லாபம். இது கொட்டேஷனில் தெரியாது, கேட்டால்தான் சொல்வார்கள்.

அதற்கு மேல் கேல் என்கிற அணுகல் உரிமம். ஆலையில் எடை போடும் இடத்துக் கம்ப்யூட்டரை நாள் முழுக்க ஐந்தாறு பேர் மாறி மாறித் தொடுகிறார்கள் என்றால், அந்தக் கருவிக்கு ஒரு கேல் போதும். லேப்டாப், போன், மேசைக் கம்ப்யூட்டர் என்று மூன்றிலும் வேலை பார்க்கும் விற்பனை மேலாளருக்கு ஆள் கணக்கில் வாங்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வகையை வாங்கித் தள்ளுவது சோம்பேறித்தனம்.

கிளைகளிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக டாலியைத் திறப்பது நம்மூரில் சகஜம். அதற்கான கேல் தனி. அதை வாங்காமலே அமைத்துக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சலுகைக் காலம் 120 நாள். அதுவரை எல்லாம் சுகமாக ஓடும். அப்புறம் ஒரு காலையில் கிளைக்காரர் யாரும் உள்ளே நுழைய முடியாது. அது ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

"லினக்ஸ் ஓசிதானே" என்பவர்களுக்கு சென்ட்ஓ.எஸ். என்ற இலவச லினக்ஸின் கதை. பதிப்பு 8-க்கு 2029 வரை ஆதரவு என்று நம்பி நிறுவினார்கள். 2020 டிசம்பரில் அதன் பின்னால் இருந்த ரெட் ஹேட் நிறுவனம் அதை மாற்றி அறிவித்தது. 2021 கடைசியோடு முடிந்தது. ராக்கி, அல்மா என்ற மாற்றுகள் பிறந்தது அதனால்தான். உபுண்டு என்ற லினக்ஸ் போட்டால் எல்.டி.எஸ். என்னும் நீண்டகால ஆதரவுப் பதிப்பை மட்டும் போடுங்கள்: ஐந்து ஆண்டு இலவச ஆதரவு. இடைப்பட்ட பதிப்புகளுக்கு ஒன்பதே மாதம். விண்டோஸிலும் இதே கவனம் வேண்டும். சர்வர் 2016-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2027 ஜனவரியோடு நிற்கின்றன. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று அதைத் தலையில் கட்டிக்கொள்ளாதீர்கள்.

"நம்ம பையன் ஒருத்தன் லினக்ஸ்ல கில்லாடி, அவன் பார்த்துக்கிடுவான்." பார்த்துக்கிடுவான், திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை கிடைக்கும்வரை. அவன் போனபின் ராத்திரி பத்து மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதற்குப் பதில் இல்லாத ஓ.எஸ்.ஸை, அது எவ்வளவு உயர்ந்ததானாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிளை அலுவலகங்களை மறப்பது இன்னொரு தவறு. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் வேண்டாம், கனமழையில் ஒரு மரக்கிளை முறிந்து இணைய ஃபைபர் அறுந்தாலே போதும். யார் லாகின் ஆகலாம் என்பதை ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஆக்டிவ் டைரக்டரியை அமைத்து, குலசேகரத்துக் கம்ப்யூட்டர்களின் டி.என்.எஸ். (இணையப் பெயரை முகவரியாக்கும் ஏற்பாடு) நாகர்கோவில் சர்வரை மட்டுமே காட்டினால், ரவுட்டரில் 4ஜி டாங்கிளைச் செருகினாலும் இணையதளம்கூடத் திறக்காது. கிடங்கிலேயே ஒரு டொமைன் கன்ட்ரோலர், அதாவது லாகினைச் சரிபார்க்கும் சர்வர், வேண்டும். பூட்டுள்ள அறை அங்கே இல்லையென்றால் படிக்க மட்டும் அனுமதிக்கும் வகை, ஆர்.ஓ.டி.சி., இருக்கிறது: பெட்டியே களவு போனாலும் மொத்த நிறுவனத்தின் பாஸ்வேர்டுகளும் அதோடு போகாது. அந்தக் கிளையின் ஆட்கள், கம்ப்யூட்டர்கள் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை மட்டும் அதில் முன்கூட்டியே சேமித்து வைத்தால், லைன் அறுந்த நாளிலும் அவர்கள் லாகின் ஆகிவிடலாம்.

விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதனைப் பதிப்பாக இலவசமாகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதக்கடைசிக் கணக்கையாவது அதில் முடித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.