அறிக்கையில் ‘எச்’சும் ‘எல்’லும்: எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்து எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் பின்னரோ, மூட்டுவாதத்துக்கோ, உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூப்பஸ் நோய்க்கோ உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகளை எடுப்பவர்கள், கிளினிக் திகதிக்கு முன்னர் ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இரத்தம் கொடுத்துவிட்டு, அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேடுவது எண்ணுக்குப் பக்கத்தில் ‘எச்’ (எல்லைக்கு மேல்) அல்லது ‘எல்’ (எல்லைக்குக் கீழ்) என்ற எழுத்து விழுந்திருக்கிறதா என்பதைத்தான். எழுத்து இல்லையென்றால் நிம்மதி. இருந்தால் அன்றிரவு தூக்கம் போய்விடும். ஓரத்தில் அச்சிடப்பட்டிருக்கும் எல்லையோ, பொதுவாக, ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, அவர்களில் நடுவே அமையும் 95 சதவீதத்தினரின் அளவுகளைக் கொண்டு வகுக்கப்படுவது. எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவர் அதற்கு வெளியே நிற்பார் என்பது அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. இந்த மருந்துகளை எடுப்பவர்களைச் சோதித்து வகுத்த எல்லை அல்ல அது.

இதனால்தான் ஓர் அறிக்கையைத் தனியே வைத்துப் பார்ப்பதைப் பெரிய தவறு என்கிறேன். இந்த மருந்துகளில் ஒன்றான அசதயோப்ரினை எடுக்கும் ஒருவருக்கு வெண்குழிய எண்ணிக்கை அடுத்தடுத்த மூன்று பரிசோதனைகளில் 9,200, 6,400, 4,300 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். எல்லை 4,000 முதல் 11,000 வரை என்பதால் மூன்றிலும் எந்த எழுத்தும் விழாது. ஆனால் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இன்னொருவருக்கு நீண்ட காலமாக 3,800இலேயே நிற்கிறது, ஒவ்வொரு முறையும் ‘எல்’ விழுகிறது. வைத்தியர் அதைப் பார்த்துவிட்டு மருந்தை மாற்றாமலே விடலாம். பிரித்தானிய வாதநோயியல் சங்கத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, வெண்குழியம் 3,500க்கும், அதில் ஒரு வகையான நியூட்ரோபில் 1,600க்கும் கீழே போனால் சிகிச்சைக் குழுவை உடனே அணுகச் சொல்வதோடு, எண்கள் போகும் போக்கையும் கவனிக்கச் சொல்கிறது. ஆகவே பழைய அறிக்கைகளை வீசிவிடாமல், கிளினிக் கொப்பிக்குள் திகதி வரிசையில் ஒட்டி வைப்பது புதிய அறிக்கை அளவுக்கு முக்கியமானது.

ஸ்டெரொயிட் மருந்தான பிரெட்னிசொலோன் எடுப்பவர்களுக்கு நிலைமை தலைகீழாகத் தெரியும். அந்த மருந்தே நியூட்ரோபில்களைக் கூட்டுவதால் ‘எச்’ விழுவது வழக்கம். அதைக் கிருமித் தொற்று என்று தாமே முடிவு செய்து, மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்குவது வீண் வேலை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. கிளரித்ரோமைசின் போன்ற அன்டிபயோட்டிக்குகள், மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கப்படும் டக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். அதேபோல, யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கப்படும் அலோபியூரினோல் அசதயோப்ரினுடன் சேரும்போது இரத்தக் குழியங்களை உருவாக்கும் என்புமச்சையைக் கடுமையாக அடக்கக்கூடும். வேறு எந்த வைத்தியரிடம் போனாலும் கிளினிக் கொப்பியைக் காட்டாமல் மருந்து வாங்கக் கூடாது.

டக்ரோலிமஸ் அளவைப் பார்க்கும் பரிசோதனையில் நடக்கும் தவறு மலையகத்துக்கு நன்றாகப் பொருந்தும். கண்டிக்குப் போக விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால், தேநீரோடு காலைக் குளிசையையும் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். இரத்தம் எடுக்க ஒன்பது மணியாகிவிடுகிறது. இந்தப் பரிசோதனை அளப்பதோ, அடுத்த குளிசைக்குச் சற்று முன்னர், அதாவது முந்தைய குளிசையிலிருந்து ஏறத்தாழ 12 மணித்தியாலம் கழித்து, இரத்தத்தில் எஞ்சியிருக்கும் மிகக் குறைந்த அளவை. குளிசை போட்ட பின்னர் எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தால், மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்து வருகிறது. காலைக் குளிசையைப் பையில் எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பின்னர் போடுவதே முறை. முதல் நாள் இரவு எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதையும் இரத்தம் எடுப்பவரிடம் சொல்லி எழுதுவியுங்கள். இந்த மருந்துக்கு ஆய்வுகூடம் அச்சிடும் எல்லையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது: சத்திரசிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் அதிகமாகவும் பின்னர் குறைவாகவும் வைக்கப்படும் இலக்கை வைத்தியர்தான் ஒவ்வொருவருக்கும் சொல்வார்.

பொட்டாசியம் கூடியிருப்பதாக வந்தால் இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும். டக்ரோலிமஸும் அதே வகை மருந்தான சைக்லோஸ்போரினும் பொட்டாசியத்தை உண்மையாகவே கூட்டக்கூடியவை. ஆனால் சிறு நகரத்துச் சேகரிப்பு நிலையத்தில் எடுத்த இரத்தம், குழியங்கள் பிரிக்கப்படாமல் பல மணித்தியாலம் குளிரில் கிடந்து பெரிய ஆய்வுகூடத்துக்குப் போனாலும், எடுக்கும்போது குழியங்கள் உடைந்தாலும், குழியங்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து எண்ணைக் கூட்டிவிடும். எனவே இது தவறான முடிவு என்று ஒதுக்காமல், அன்றே வைத்தியருக்கு அறிவித்து, வைத்தியசாலையிலேயே மீண்டும் இரத்தம் கொடுப்பது நல்லது.

ஹீமோகுளோபினில் நமக்கென்று ஒரு திருத்தம் உண்டு. உயரமான இடங்களில் வாழ்பவர்களுக்கு அது இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதால், இரத்தச்சோகையைக் கணிக்கும்போது வாழும் இடத்தின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வாழ்பவருக்கு எண் கீழெல்லையைத் தொட்டு நின்றால், கொழும்புவாசிக்கு அதே எண் வருவதும் இதுவும் ஒன்றல்ல.

ஆய்வுகூடத்தை அடிக்கடி மாற்றுவதும் குழப்பம் தரும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியற்றினின் ஓரிடத்தில் 1.2 என்றும் மற்றோரிடத்தில் 106 என்றும் வந்தால், பதறுவதற்கு முன் அலகைப் பாருங்கள்: டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராமும் லீற்றருக்கு 106 மைக்ரோமோலும் ஒரே அளவுதான்.

அறிக்கையைப் பார்த்துப் பயந்து மருந்தைத் தாமே நிறுத்துவது எல்லாவற்றிலும் மோசமானது. நீண்ட நாள் எடுத்த பிரெட்னிசொலோனைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். மறுபுறம், 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், வாய்ப்புண், அடிபடாமலே தோலில் இரத்தம் கன்றுதல் ஆகியவை தோன்றினால், போன வாரத்து அறிக்கையில் எந்த எழுத்தும் இல்லை என்று கிளினிக் திகதி வரை காத்திருக்காமல், கொப்பியை எடுத்துக்கொண்டு அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.